ஜியு ஆற்றிலிருந்து முடிவற்ற தூண் வரை

ருமேனியாவின் தென்மேற்கில் ஒல்தேனியா என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. அதன் பெருநகரம் கிரயோவா. அங்கிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் சமவெளி முடிந்து மேடுகள் தொடங்குகின்றன. மக்காச்சோள வயல்கள், பிளம் தோட்டங்கள், ஓடு வேய்ந்த வீடுகள், அவற்றுக்குப் பின்னால் நீலமாகத் தெற்குக் கார்பாத்திய மலைகள். அந்த மலைகளின் அடிவாரத்தில், ஜியு என்ற ஆற்றின் கரையில் இருக்கிறது தர்கு ஜியு. பெரிய ஊர் இல்லை. சுற்றுவட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் உண்டு. உழைத்துப் பிழைக்கிறவர்களின் ஊர். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான அரூபச் சிற்பத் தொகுதி இங்கேதான் இருக்கிறது.

நவீன சிற்பத்தைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்து நிற்கும். முகமும் கை காலும் இல்லாத உலோகத் துண்டையும் கல்லையும் நட்டுவைத்துவிட்டுச் சிற்பம் என்கிறார்களே, சாதாரண மனிதனுக்கு அதில் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. அதைக் கேட்பவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்குவது அநியாயம். கலைக்கூடங்களில் கலை அறிந்தவர்கள் சொல்லும் பதில் அங்கேயே பழகியதாக இருக்கும். கலைக்கூடம் பக்கமே போகாத மக்கள் ஓர் அரூபச் சிற்பத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தால், பதிலை அவர்களிடம் கேட்பதுதான் முறை. அதற்காகத்தான் தர்கு ஜியுவுக்குப் போனேன்.

சிற்பி கான்ஸ்டன்டின் பிரான்குஷ். 1876-இல், தர்கு ஜியுவுக்கு மேற்கே ஹோபிட்சா என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் எடுபிடி வேலை பார்த்தார். கிரயோவாவின் கைத்தொழில் பள்ளியில் மரவேலை கற்றார். பிறகு புக்காரெஸ்ட் நுண்கலைப் பள்ளி. 1904-இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார், பெரும்பகுதி தூரத்தை நடந்தே கடந்து. 1907-இல் புகழ்பெற்ற சிற்பி ரோடினின் பட்டறையில் உதவியாளராகச் சேர்ந்தவர், இரண்டொரு மாதத்துக்குள் விலகிவிட்டார். ரோடினின் நிழலில் நின்றால் தன் வழி கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கிரயோவாவின் கலை அருங்காட்சியகம் ஜான் மிஹாய்ல் மாளிகையில் இருக்கிறது. தர்கு ஜியுவுக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே இறங்கிவிட்டுப் போவது நல்லது. 1907-இல் பிரான்குஷ் செதுக்கிய 'முத்தம்' இங்கே இருக்கிறது. ஒரு முழம்கூட உயரமில்லாத கல். அதில் இருவர் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லின் சதுரத்தன்மையை அவர் கலைக்கவே இல்லை. கைகள் கல்லைச் சுற்றி வளைந்திருக்கின்றன. இரண்டு முகங்களும் பக்கவாட்டில் ஒட்டி, இரண்டு கண்களும் சேர்ந்து ஒரே கண்ணாகத் தெரிகின்றன. எனக்கு முன்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. பார்த்ததும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். புரிந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தக் கண்ணை நினைவில் வைத்துக்கொண்டுதான் வடக்கே ரயில் ஏற வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகளில் பிரான்குஷ் அந்த முத்தத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். முடி போனது, கை போனது, உடல் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு வட்டமும் அதை நடுவில் பிளக்கும் ஒரு கோடும் மட்டும். அந்த வட்டம்தான் தர்கு ஜியுவின் வாயில் தூண்களில் இருக்கிறது.

தர்கு ஜியுவில் சிற்பத்தைப் பார்ப்பதற்கு முன் ஊருக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரில் ருமேனியா 1916 ஆகஸ்டில் இறங்கியது. அக்டோபரில் ஜெர்மன் படைகள் மலைக்கணவாய்கள் வழியாக இறங்கி, ஜியு பாலத்தை நெருங்கின. ஊரில் அப்போது போதிய ராணுவம் இல்லை. காவலர்களும் முதியவர்களும் பெண்களும் சாரணச் சிறுவர்களும் கையில் கிடைத்த ஆயுதங்களோடு பாலத்தில் நின்றார்கள். அன்றைக்கு எதிரி பின்வாங்கினான். சில வாரங்களில் படை பெருகி வந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பாலத்தில் நின்ற அந்த நாளை ஊர் மறக்கவில்லை. அங்கே நின்றவர்களில் ஒருவர் எக்கடெரினா தியோடோரோயு என்ற இளம்பெண். பின்னர் படையில் சேர்ந்து, 1917-இல் களத்தில் இறந்தார். ஊர் நடுவே அவருடைய நினைவிடம் இருக்கிறது. அதைச் செய்தவர் மிலிட்சா பெத்ராஷ்கு, பிரான்குஷிடம் பயின்ற சிற்பி.

தர்கு ஜியு இருக்கும் கோர்ஜ் மாவட்டத்தின் பெண்கள் சங்கத் தலைவராக இருந்தவர் அரெட்டியா தட்டாரெஸ்கு. அன்றைய பிரதமரின் மனைவி. போரில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்று 1930-களின் நடுவில் அவர் முயன்றபோது, மிலிட்சா பெத்ராஷ்கு தன் ஆசானைக் கைகாட்டினார். பிரான்குஷ் ஒப்புக்கொண்டார். ஊதியம் வேண்டாம் என்றார். அப்போது அவருக்கு அறுபது வயது. உலகம் அறிந்த பெயர். 1937-இல் ஊருக்கு வந்து இடங்களைத் தானே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். 1938 அக்டோபர் 27-இல் திறப்பு விழா நடந்தது.

போர் நினைவுச் சின்னம் என்றால் என்ன எதிர்பார்ப்போம்? துப்பாக்கி ஏந்திய வீரன், சிறகு விரித்த கழுகு, பெயர்கள் பொறித்த பலகை. ஐரோப்பாவின் ஊருக்கு ஊர் இவை நிற்கின்றன. பிரான்குஷ் இவற்றில் ஒன்றையும் வைக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு மேசை. பூங்காவின் நடைபாதையில் இருக்கைகள். பூங்காவின் எல்லையில் ஒரு வாயில். ஊரின் மறுகோடியில் ஒரு தூண். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில், ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் பரவியிருக்கின்றன. இந்தக் கோட்டைத்தான் வீரர்களின் வீதி என்கிறார்கள். நடுவில் தேவாலயம் ஒன்றும் இருக்கிறது. கடைகள், வீடுகள், குறுக்குத் தெருக்கள் என ஊரே சிற்பத்துக்குள் இருக்கிறது.

மேசையிலிருந்து தொடங்கினேன். கரைக்கு இப்பால் வட்டமான சுண்ணாம்புக்கல் மேசை. தடித்த இரண்டு கல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. சுற்றிலும் பன்னிரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றும் இரண்டு அரைக்கோளங்களை முதுகோடு முதுகாக வைத்த வடிவம். இருக்கைகள் மேசையைவிட்டுத் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. அதில் உட்கார்ந்து கையை நீட்டினால் மேசை எட்டாது. 'மௌன மேசை' என்று பெயர்.

அங்கே வந்துபோனவர்களிடம், இது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாளின் மகள் கல்லூரியில் படிக்கிறவள், மொழிபெயர்த்து உதவினாள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், கிறிஸ்துவின் பன்னிரண்டு சீடர்கள் என்றார். ஒரு மாணவன் பன்னிரண்டு மாதங்கள் என்றான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், சண்டைக்குப் போகுமுன் வீரர்கள் கடைசியாகச் சேர்ந்து சாப்பிடும் இடம் என்றார். தலையில் கறுப்புத் துணி கட்டிய மூதாட்டி வேறு மாதிரிச் சொன்னார். ருமேனியக் கிராமங்களில் இறந்தவர் பெயரில் உறவையும் அயலையும் அழைத்து உணவு படைக்கும் வழக்கம் உண்டு, போமானா என்பார்கள். இது அந்தச் சாப்பாட்டு மேசை என்றார். சாப்பிட வேண்டியவர்கள் வரவில்லை, அதனால்தான் காலியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

நான்கு பேர், நான்கு பதில். அரூபச் சிற்பத்தை மறுப்பவர்கள் இதையே குறையாகக் காட்டுவார்கள். ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம் என்றால் அர்த்தமே இல்லை என்றுதானே பொருள் என்பார்கள். அங்கே நின்று கேட்டபோது எனக்கு நேர்மாறாகப் பட்டது. நான்கு பதில்களும் ஒரு திசையில்தான் இருந்தன. விருந்து, கொண்டாட்டம், சீட்டாட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூடியிருந்தவர்கள், காலம், பிரிவு, இல்லாமை. எல்லாரும் இவற்றைச் சுற்றித்தான் பேசினார்கள். வடிவம் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. கை எட்டாத தூரத்தில் ஓர் இருக்கையை வைத்தால், அதைப் பார்க்கும் உடம்புக்கே தெரியும், இங்கே யாரும் சாப்பிடப் போவதில்லை என்று. அதற்கு அழகியல் பாடம் எதுவும் வேண்டியதில்லை. பல பொருள் தருவது வேறு, எந்தப் பொருளும் தராதது வேறு. நல்ல அரூபச் சிற்பம் முதல் வகை.

மேசையிலிருந்து வாயிலுக்குப் போகும் பாதையின் இருபுறமும் மரங்கள். நடுநடுவே ஒதுக்கிடங்களில் மும்மூன்றாக முப்பது கல் இருக்கைகள். இதை அவசரமாகக் கடப்பவர்கள் அதிகம். ஆனால் இந்த நடை இல்லாமல் தொகுதி முழுமையாகாது. மேசையில் தோன்றிய கனத்தை அது மெல்லத் தணித்து, வாயிலில் கொண்டுவந்து விடுகிறது.

வாயில் 'முத்த வாயில்'. பான்போடோக் என்ற இடத்தின் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பியது. உயரம் 5 மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு பருத்த தூண்கள், அவற்றின்மேல் கனமான உத்தரம். தூணின் நான்கு முகங்களிலும் நான் கிரயோவாவில் பார்த்த அந்தக் கண்: ஒரு வட்டம், நடுவில் பிளவு. உத்தரத்தில் அதே முத்தம் சிறிய கோட்டுருவங்களாக வரிசை வரிசையாகக் கீறப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை. திருமணம் முடித்த ஜோடிகள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். கைகோத்து வாயிலைக் கடந்து, நடுவில் நின்று முத்தமிட்டு, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இது இந்த ஊரின் வழக்கமாகிவிட்டது. மணமகளின் பாட்டி ஒருவர் வாயில் தூணின் வட்டத்தைத் தன் உள்ளங்கையால் தடவிவிட்டுப் பேத்தியின் கன்னத்தைத் தடவினார். போரில் இறந்தவர்களுக்காக எழுப்பிய வாயிலில் கல்யாண ஜோடிகளா என்று புதிதாக வருபவருக்குத் தோன்றலாம். எனக்கு அது மிகச் சரியாகவே பட்டது. இறந்த பையன்களில் எத்தனையோ பேர் கல்யாணம் ஆகாதவர்கள். அவர்கள் காத்துக் கொடுத்த ஊரில் பிறந்தவர்கள் அவர்களுடைய வாயில் வழியாக வாழ்க்கைக்குள் நுழைகிறார்கள். சங்கத்துப் பெண்களோ சிற்பியோ இந்தச் சடங்கை எழுதிவைக்கவில்லை. வாயிலின் வடிவமே அதை வரவழைத்துக்கொண்டது. துப்பாக்கி ஏந்திய வீரனின் சிலையை இங்கே வைத்திருந்தால் ஆண்டுக்கொரு முறை மாலை விழுந்திருக்கும். இப்படி வாரந்தோறும் மனிதர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

வாயிலைத் தாண்டி ஊருக்குள் நடந்தால் தூண் உடனே கண்ணில் படாது. வீதி, கட்டடங்கள், புனித பேதுரு பவுல் தேவாலயம் எல்லாவற்றையும் கடக்க வேண்டும். பிறகு திறந்த புல்வெளியில், கிழக்கே, அது நிற்கிறது.

'முடிவற்ற தூண்' ஏறத்தாழ 29.3 மீட்டர் உயரம். ஒரே வடிவம் மேலே மேலே திரும்ப வருகிறது. நடுவில் அகன்று இருமுனையிலும் குறுகும் கூறு. ஒவ்வொன்றும் 180 சென்டிமீட்டர் உயரம், அகன்ற இடத்தில் 90, குறுகிய இடத்தில் 45. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு என்ற கணக்கு. உச்சியில் கடைசிக் கூறு பாதியோடு நின்றுவிடுகிறது. சூட்சுமம் அங்கேதான். முழுக் கூறோடு முடித்திருந்தால் அது ஒரு உயரமான கம்பம். பாதியில் விட்டதால் கண் நிற்பதில்லை. மீதிப் பாதியைத் தானே வானத்தில் போட்டுக்கொள்கிறது. அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று.

தூணின் அடியில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். வடக்கே மலைப்பள்ளத்தாக்கில் இருக்கும் பெத்ரோஷானியின் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தூணின் பாகங்கள் 1937-இல் பெத்ரோஷானியில்தான் வார்க்கப்பட்டன. பொறியாளர் ஷ்டெஃபான் ஜார்ஜெஸ்கு-கோர்ஜான் நடுவில் ஓர் எஃகுத் தண்டை அடித்தளத்தில் ஊன்றி, வார்ப்பிரும்புக் கூறுகளை ஒவ்வொன்றாக அதில் கோத்து இறக்கும் முறையை வகுத்தார். பிறகு மேலே பித்தளைப் பூச்சு தெளிக்கப்பட்டது. பெரியவர் இதையெல்லாம் தன் கைவேலையைச் சொல்வதுபோல் விரித்துச் சொன்னார். அச்சு எடுப்பது, இரும்பு குளிர்கையில் சுருங்குவது, மூட்டு தெரியாமல் பொருத்துவது. அவர் பிறப்பதற்கு முன் நடந்தவை. "எங்கள் பட்டறையில் வார்த்ததையா இது. காற்று எவ்வளவோ அடித்திருக்கிறது. இன்னும் நிற்கிறது, பாருங்கள்" என்றார். அவருக்கு இந்தத் தூண் வானத்தையும் ஆன்மாவையும் பற்றியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நேர்த்தியாகச் செய்த வேலை நிலைத்து நிற்கும் என்ற பெருமிதமாக அது அவருக்குள் இருந்தது. இதுவும் பொருள்தான். உழைப்பாளிகள் ஊரில் இதுவே முதல் பொருளாகவும் இருக்கும்.

மறுநாள் ஹோபிட்சாவுக்குப் போனேன். பிரான்குஷ் குடும்பத்தின் நினைவில்லம் அங்கே இருக்கிறது. மரவீடு, முன்பக்கம் திண்ணை. திண்ணைக் கூரையைத் தாங்கும் மரத்தூண்களில் கோடரியும் உளியும் வைத்துக் குறுக்கும் அகலமுமாகச் செதுக்கிய வடிவங்கள். ஒல்தேனியாவின் பழைய வீடுகளில் இந்தத் தூண்களைப் பார்க்கலாம். ருமேனியாவின் பழைய கிராமங்களில் கல்லறைகளின் தலைமாட்டிலும் செதுக்கிய மரத்தூண்களை நடும் வழக்கம் இருந்திருக்கிறது. அகன்று குறுகும் இந்த வடிவத்தை ஊர்த் தச்சர்களின் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள். பாரிஸ் விமர்சகர்கள் புரட்சி என்று எழுதிய ஒன்று, கோர்ஜ் மாவட்டத்து விவசாயிக்குத் தாத்தா வீட்டுத் திண்ணையின் நினைவு. அதை 29 மீட்டருக்கு உயர்த்தி, கூரையை எடுத்துவிட்டு, தாங்குவதற்கு வானத்தைக் கொடுத்தார் பிரான்குஷ். மேசையும் அப்படித்தான். அந்தப் பக்கத்துக் குடிசைகளில் தாழ்வான வட்ட மரமேசையைச் சுற்றி முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அரூபம் மேல்தட்டு மனிதர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். இங்கே அது உழைக்கும் மக்களின் கைகளில் ஏற்கெனவே இருந்தது. சிற்பி அதைக் கற்றுக்கொண்டு போய், தேய்த்துத் துலக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

வேரும் இடமும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிரான்குஷின் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1926-இல் அவருடைய 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் பெட்டியோடு இறங்கியது. சிறகில்லை, அலகில்லை, மேல்நோக்கி மெலிந்து எழும் பளபளப்பான வடிவம். கலைப்பொருளுக்கு அமெரிக்காவில் சுங்கவரி இல்லை. ஆனால் சுங்க அதிகாரிகள் இதைச் சிற்பம் என்று ஏற்கவில்லை. உலோகத்தில் செய்த சாமான் என்று 40 சதவீத வரி போட்டார்கள். வழக்கு நடந்தது. காட்டில் இதைப் பார்த்தால் பறவை என்று சுடுவீர்களா என்ற ரீதியில் சாட்சிகளிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. 1928 நவம்பரில் நீதிமன்றம் பிரான்குஷ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. புதிய கலைப் பாணி ஒன்று உருவாகியிருப்பதை, பிடிக்கிறதோ இல்லையோ, கணக்கில் எடுக்கவேண்டும் என்றது. கலை வரலாற்றில் பெரிய வெற்றி. ஆனால் அந்தச் சுங்க அதிகாரிகளின் சந்தேகத்தில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. துறைமுகக் கொட்டகையில், பிரித்த மரப்பெட்டிக்குள், எந்த வானமும் எந்த மரமும் எந்த மனிதர்களும் சுற்றி இல்லாமல் ஒரு வடிவத்தைப் பார்த்தால், அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

இந்தியாவோடும் இந்தக் கதைக்கு ஒரு கண்ணி உண்டு. இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த் ராவ் ஹோல்கர் பிரான்குஷிடம் மூன்று பறவைகளை வாங்கினார். ஒன்று வெண்கலம், ஒன்று கறுப்புப் பளிங்கு, ஒன்று வெள்ளைப் பளிங்கு. அவற்றை வைக்க இந்தூரில் ஒரு தியானக் கோயில் கட்டும் எண்ணம் இருந்தது. தர்கு ஜியு வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1937-38 குளிர்காலத்தில், பிரான்குஷ் அதற்காகவே இந்தூருக்கு வந்தார். கோயில் கட்டப்படவே இல்லை. பளிங்குப் பறவைகள் இரண்டும் இப்போது ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. ஒரே சிற்பி, ஒரே காலம். தர்கு ஜியுவில் ஓர் ஊரின் துக்கமும் பெண்கள் சங்கத்தின் விடாமுயற்சியும் பட்டறைத் தொழிலாளர்களின் கைகளும் சேர்ந்தன. இந்தூரில் ஓர் அரசரின் விருப்பம் மட்டும் இருந்தது, அது போதவில்லை.

பொது இடத்தில் வைத்துவிட்டாலே போதுமா? அதுவும் இல்லை. 1981-இல் நியூயார்க்கின் அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா 36 மீட்டருக்கும் அதிக நீளமும் மூன்றரை மீட்டருக்கும் அதிக உயரமும் கொண்ட எஃகுச் சுவர் ஒன்றைச் 'சாய்ந்த வளைவு' என்ற பெயரில் குறுக்கே நிறுத்தினார். அங்கே தினமும் வேலைக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நடையைத் தடுத்து யோசிக்க வைப்பதே சிற்பியின் நோக்கம். எதிர்ப்பு வலுத்து, 1985-இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் 1989-இல் அதை வெட்டி அகற்றிவிட்டார்கள். இருக்கட்டும் என்று சொன்னவர்களே அதிகம் என்பது, அரூபம் என்றாலே பொதுமக்கள் வெறுக்கிறார்கள் என்ற பேச்சுக்குப் பதில். அதே சமயம், அந்தச் சதுக்கத்தில் வேலை பார்த்தவர்களின் எரிச்சலையும் நான் தள்ளிவிட மாட்டேன். யாருடைய நடையில் குறுக்கிடுகிறோமோ அவர்களைக் கலந்துகொள்ளாத சிற்பம், எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், அந்த இடத்தில் வேர்பிடிக்கச் சிரமப்படும். தர்கு ஜியுவிலும் சிற்பம் மனிதர்களின் நடையில்தான் இருக்கிறது. அங்கே அது வழியைத் திறந்துவிடுகிறது.

இந்தத் தூணுக்கும் ஆபத்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ருமேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்ததும், மக்களுக்குப் புரியாத வெற்று வடிவவாதம் என்று பிரான்குஷின் கலை பழிக்கப்பட்டது. 1951-இல் ருமேனிய அகாதமியிலேயே அவருக்கு எதிராகப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்குஷ் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். தன் பட்டறையைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்துவிட்டு, 1957-இல் பாரிஸில் இறந்தார். அந்த ஐம்பதுகளில் தூணைப் பழைய இரும்புக்காகச் சாய்க்கவும் முயன்றார்கள் என்று தர்கு ஜியுவில் எல்லோரும் சொல்கிறார்கள். வண்டியில் வடம் கட்டி இழுத்தார்களாம். தூண் சற்றே சாய்ந்ததே தவிர விழவில்லை. பட்டறைப் பெரியவர் இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது.

யார் பெயரால் அந்தத் தூணைச் சாய்க்க வந்தார்கள்? சாதாரண மக்களின் பெயரால். அவர்களுக்குப் புரியாது என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அந்த மக்களோ தூணைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டார்கள். சாதாரண மனிதனுக்கு இது புரியாது என்ற வாக்கியத்தை அதிகாரத்தில் இருப்பவர்களும் சொல்கிறார்கள், கலைக்கூடத்து மேதாவிகளும் சொல்கிறார்கள். இருவரும் அந்தச் சாதாரண மனிதனிடம் கேட்பதில்லை. ஆட்சி மாறியபின் 1996-இல் தூணைப் பிரித்து இறக்கி, துருப்பிடித்த பகுதிகளைச் சீர்செய்து, 2000-இல் மீண்டும் நிறுத்தினார்கள். 2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, தர்கு ஜியு தொகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊர் எப்போதோ கொடுத்துவிட்ட மதிப்பை உலகம் அன்று வழிமொழிந்தது.

தமிழர்களான நமக்கு இது அந்நியமான அனுபவம் என்று எனக்குத் தோன்றவில்லை. களத்தில் மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்டவர்கள் நாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்களில் வீரனின் உருவம் இல்லை. கல், அதில் சில தமிழி எழுத்துகள், அவ்வளவுதான். கி.மு. காலத்தவை என்று கணிக்கப்படும் அந்தக் கற்களின் முன் நின்றவன் எவனும், முகம் எங்கே, மூக்கு எங்கே என்று கேட்டிருக்க மாட்டான். யாருக்காக நிற்கிறது, ஏன் இங்கே நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். இன்றும் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய வெறுங்கல்லின் முன் கைகூப்பும் ஒருவரிடம் போய், அரூபம் உங்களுக்குப் புரியுமா என்று கேட்டால் அது எவ்வளவு அபத்தம்!

ஆக, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அரூபச் சிற்பம் சாதாரண மனிதனுக்குப் புரியுமா என்பதல்ல கேள்வி. அவனோடு உறவு வைத்துக்கொள்ளும்படி அது செய்யப்பட்டிருக்கிறதா, வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். தர்கு ஜியுவில் நான் பார்த்தவர்கள் எவரும் சிற்பத்தை விடுகதையாக அவிழ்க்கவில்லை. கடந்து போனார்கள், தடவினார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், இறந்தவர்களை நினைத்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். பொருள் கல்லுக்குள் ஒளிந்திருந்து எடுக்கப்படவில்லை. கல்லுக்கும் அவர்களுக்கும் இடையில், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக, உண்டாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்குச் சிற்பியின் நேர்மை வேண்டியிருந்தது. அந்த மண்ணின் வடிவங்கள் வேண்டியிருந்தன. உண்மையான ஒரு துக்கமும், அதைச் சுமக்க முன்வந்த ஒரு சங்கமும் வேண்டியிருந்தன.

நம் ஊர்களிலும் சாலைச் சந்திப்புகளிலும் பூங்காக்களிலும் அலுவலக வாசல்களிலும் நவீன சிற்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் பல நம்மோடு பேசாமல் நிற்கின்றன என்பது உண்மை. அப்படி ஒன்றின் முன் நிற்கும்போது, எனக்கு அறிவு போதவில்லை என்று தலைகுனிய வேண்டாம். இது ஏமாற்று என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். சுற்றி நடந்து பாருங்கள். உடம்பு அங்கே என்ன செய்ய விரும்புகிறது என்று கவனியுங்கள். இது யாருக்காக இங்கே நிற்கிறது என்று கேளுங்கள். சிற்பத்தை வைத்தவர்களிடமும் அந்தக் கேள்வியை உரக்கக் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நல்ல சிற்பம் அதற்கு ஏதோ ஒரு விதத்தில் பதில் சொல்லும். பதில் சொல்லாத சிற்பத்துக்கு நாம் கடன்பட்டவர்கள் இல்லை.